செரிக்காததால்தான் நல்லது! காளான் பற்றி இதெல்லாம் தெரியுமா?

சூப்பில் மிதக்கும், பிரியாணியில் ஒளிந்திருக்கும், மஞ்சூரியனில் மொறுமொறுக்கும் காளானுக்குப் பின்னால் 5,300 ஆண்டுப் பழைய உடல், குரங்குத்தலை பிஸ்கட், முதுகில் கசையடித் தழும்பு எல்லாம் இருக்கின்றன! அத்தனையும் நம் வயிற்றோடு சம்பந்தப்பட்டவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

பனிமனிதன் சுமந்த காளான்

1991. ஆஸ்திரியா – இத்தாலி எல்லையில், ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ளிருந்து ஓர் உடல் தலைகாட்டியது. மலையேறப் போய் மாட்டிக்கொண்ட யாரோ என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆராய்ந்தால், வயது சுமார் 5,300 ஆண்டுகள்! ஓட்ஸி என்று பெயர் பெற்ற அந்த மனிதரிடம், தோல் வாரில் கோத்த இரண்டு காளான் துண்டுகள் இருந்தன. பிர்ச் மரத்தில் முளைக்கும் வகை. குடலிலோ சாட்டைப்புழு முட்டைகள்! பூச்சி மருந்தாகத்தான் காளானைச் சுமந்திருப்பார் என்று 1998-இல் இத்தாலிய ஆய்வாளர் ஒருவர் எழுதினார். காயத்துக்கு வைத்திருப்பார் என்று சொல்பவர்களும் உண்டு. 2016-இல் அடுத்த ஆச்சரியம்: இன்றைக்கு நம்மை அல்சரில் தள்ளும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி, ஓட்ஸியின் வயிற்றிலும் குடியிருந்திருக்கிறது!

காய்கறிக் கடையில் நம் சொந்தக்காரர்

கத்தரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே உட்கார்ந்திருந்தாலும் காளான் தாவரம் இல்லை. பரிணாம மரத்தில் அது செடிகொடிகளைவிட விலங்குகளுக்கே நெருக்கம்! அதன் செல்சுவரில் இருக்கும் கைட்டின், இறால் ஓட்டிலும் வண்டின் முதுகிலும் இருப்பது. அந்தக் கைட்டினை வெட்டும் நொதி மனித இரைப்பைச் சாற்றிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் சுரப்பதில்லை.

நமக்கு ஆகாது, அவற்றுக்கு விருந்து

காளானில் பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்து உண்டு. அதை உடைக்க நம் உடலில் நொதியே கிடையாது! செரிக்காமல் அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே காத்திருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களில் சில அதை நொதிக்க வைத்து, குட்டிச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் ஒன்று பியூட்டிரேட். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் சோறு! ‘குடலுக்குக் காளான் நல்லது’ என்ற பேச்சின் அடிப்படையே இதுதான்: நாம் செரிக்க முடியாததை நம் பாக்டீரியாக்கள் சமைத்து, நமக்கே பரிமாறுகின்றன.

மாத்திரையா, வான்கோழிவாலா?

பட்டுப்போன மரத்தில் விசிறி விசிறியாக, வண்ண வளையங்களோடு முளைப்பது வான்கோழிவால் காளான். 2014-இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்றில் ஆரோக்கியமான 24 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அந்தக் காளானின் சாறு, இன்னொன்றுக்கு அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. காளான் சாறு குடல் பாக்டீரியாக்களுக்குத் தீனிபோடும் பொருளைப் போல வேலை செய்தது. அமாக்ஸிசிலின் கலைத்துப்போட்ட பாக்டீரியாக் கூட்டமோ, மாத்திரையை நிறுத்தி 42 நாளாகியும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை! 24 பேர் மிகச் சின்னக் கூட்டம்தான். ஆனாலும் சுவாரசியம்தானே?

குரங்குத்தலை பிஸ்கட்

வெள்ளைத் தாடிபோலத் தொங்கும் ஒரு காளானை ஆங்கிலேயர் சிங்கப்பிடரி என்கிறார்கள், சீனர்கள் குரங்குத்தலை என்கிறார்கள். சீன வைத்தியத்தில் அது வயிற்றுக்கான சரக்கு. அங்கே அதில் இரைப்பை அழற்சிக்கு மாத்திரை உண்டு, பிஸ்கட்கூட உண்டு! மலேசிய ஆய்வாளர்கள் 2013-இல் சோதித்தபோது, சாராயத்தால் எலிகளின் இரைப்பையில் வரும் புண்ணை இதன் சாறு குறைத்தது. ஆனால் அவை எலிகள். நம் வயிற்றில் அப்படியே நடக்கும் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

சட்டியிலிருந்து சிரிஞ்சுக்கு

ஜப்பானியரின் செல்லக் காளான் ஷிடாகே. அதிலிருந்து எடுத்த லென்டினான் என்ற பீட்டா குளூக்கானைப் பற்றி கோரோ சிஹாரா குழுவினர் 1969-இல் அறிவித்தார்கள். 1985-இல் இரைப்பைப் புற்றுநோய்க்கான துணை மருந்தாக ஜப்பான் அதை ஏற்றது. கவனியுங்கள், அது கீமோதெரபியோடு சேர்த்து ஊசியில் ஏற்றப்பட்டது. ஷிடாகே சூப் குடித்தால் புற்றுநோய் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்!

அதே ஷிடாகேயை அரைவேக்காடாகச் சாப்பிட்ட சிலருக்கு, ஓரிரு நாளில் முதுகிலும் மார்பிலும் சாட்டையால் விளாசியதுபோலச் சிவந்த வரிகள் எழும்! 1977-இல் ஜப்பானில் முதலில் பதிவான இந்தப் பாதிப்புக்கும் லென்டினான்தான் காரணம் என்று கருதப்படுகிறது. அதனால் நன்றாக வேகட்டும்.

குடலில் தனி வாசல்

காளானில் ஏராளமாக இருக்கும் எர்கோதயோனின் என்ற பொருளை நம் உடலால் தயாரிக்கவே முடியாது. அப்படியிருந்தும் அதை உள்ளே இழுத்துக்கொள்வதற்கென்றே நம் சிறுகுடல் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது! ஜெர்மானிய விஞ்ஞானிகள் அதை அடையாளம் கண்டது 2005-இல்தான்.

எல்லா வயிறும் ஏற்காது

காளான் சாப்பிட்டாலே வயிறு உப்புகிறதா? மொட்டுக் காளானில் உள்ள மானிடால் என்ற சர்க்கரை ஆல்கஹால் காரணமாக இருக்கலாம். சிப்பிக் காளானில் அது மிகக் குறைவு. எரிச்சல் குடல் நோய் (IBS) உள்ளவர்கள் மாற்றிப் பார்க்கலாம். காளானிலுள்ள ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. கிரீன்லாந்து இனுயிட் மக்களிடையே இப்படிப்பட்டவர்கள் அதிகம். காளான் தின்றால் அந்த நொதி குறைந்தவர்களுக்குப் பேதியாகலாம்!

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் வாங்கிய 19 ரெய்ஷிக் காளான் பொருட்களைப் பரிசோதித்த முடிவு 2017-இல் வெளியானது. லேபிளில் சொன்னபடி இருந்தவை வெறும் 5! ரெய்ஷி, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையோடு மோதவும் வாய்ப்புண்டு. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். குடலுக்கு வேண்டிய நார்ச்சத்து, கடையில் கிடைக்கும் சிப்பிக் காளானிலும் பால் காளானிலுமே இருக்கிறது. மிளகு தட்டிப்போட்டு வதக்கினால் போதும். அதையும் மீறி, ‘பாலிசாக்கரைடு நிறைந்தது’ என்று மின்னும் கேப்ஸ்யூல் டப்பாவுக்குப் பர்ஸைத் திறக்கிறீர்களா? ஒரு நிமிஷம்... அரிசி மாவிலிருக்கும் மாச்சத்தும் பாலிசாக்கரைடுதான், தெரியுமா?