எல்லையின் இரு பக்கமும் மாண்ட அப்பாவிகள்: 2006 லெபனான் யுத்தம்



2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று நம் பள்ளிவாசல்கள் பலவற்றின் மிம்பர்களிலிருந்து கானா என்ற சிற்றூரின் பெயர் ஒலித்தது. தெற்கு லெபனானின் அவ்வூரில் ஜூலை 30 அன்று நள்ளிரவு கடந்த நேரத்தில் மூன்று மாடி வீடொன்று இஸ்ரேலிய விமானக் குண்டுக்கு இரையானது. 54 பேர் மாண்டனர் என்று அன்று உலகமெங்கும் செய்தி பரவியது. இவ்வரிகளை எழுதுபவனும் அவ்வெண்ணைத் தன் உரையில் கூறியவனே. சில நாட்களில் உண்மை எண் தெரிய வந்தது. இறந்தோர் 28 பேர். அவர்களில் 16 பேர் சிறார். ஆனால், திருத்தப்பட்ட அவ்வெண்ணை அடுத்த வெள்ளியன்று மிம்பரில் கூற எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்து வேதனையைக் குறைத்துக் காட்டுவதாக ஆகிவிடுமோ என்ற தயக்கம்தான் காரணம்.

அத்தயக்கம் தவறு என்பதைப் பின்னர் உணர்ந்தேன். அத்தவறு எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அந்த யுத்தத்தில் எல்லையின் இரு புறத்திலும் ஆயுதம் ஏந்தாதோர் எவ்வாறு கொல்லப்பட்டனர் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கானாவின் கணக்கு. அவ்வீட்டின் கீழ்த்தளத்தில் அடைக்கலம் புகுந்தோர் 63 பேர் என்று ஊரார் ஒரு பட்டியல் வைத்திருந்தனர். மீட்புப் படையினர் உயிருடன் கண்டறிந்தோர் ஒன்பது பேர். 63இலிருந்து 9ஐக் கழித்து 54 என்று அறிவித்துவிட்டனர். இருளில் தப்பி ஓடி அக்கம்பக்கத்தில் ஒளிந்து கொண்டவர்கள் அக்கணக்கில் வரவில்லை. இதில் எவருடைய பொய்யும் இல்லை. இடிபாட்டின் முன் நின்றுகொண்டு செய்த அவசரக் கணக்கு அது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்து அதைத் திருத்தியது. 28 என்ற எண்ணை இஸ்ரேலின் ஆதரவாளர்கள் வேறு விதமாகப் பயன்படுத்தினர். கானாவே ஒரு நாடகம் என்று அவர்களில் சிலர் எழுதினர். 54 என்று நாம் பிடிவாதம் பிடித்திருந்தால் அவர்களுக்கு அது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்!

யுத்தம் தொடங்கியது ஜூலை 12 அன்று. ஹிஸ்புல்லாஹ் வீரர்கள் எல்லையைக் கடந்து இஸ்ரேலிய ராணுவ ரோந்து வாகனங்களைத் தாக்கினர். மூன்று சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். இருவர் பிடித்துச் செல்லப்பட்டனர். அவர்களைத் துரத்திச் சென்றவர்களில் மேலும் ஐவர் மாண்டனர். இது ராணுவத்தினர் மீதான தாக்குதலே. எனினும் அன்று தொடங்கி ஆகஸ்ட் 14 காலை 8 மணி வரை நீடித்த சண்டையில் லெபனானில் மட்டும் 1,100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரணக் குடிமக்கள். ஏறத்தாழ 10 லட்சம் பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். இஸ்ரேலில் மாண்ட குடிமக்கள் 43 பேர். ராணுவத்தினர் ஏறத்தாழ 120 பேர். வடபகுதியை விட்டு வெளியேறியோரும் சில லட்சம். இவ்விரு தொகைகளும் சமமானவை அல்ல. சமமானவை என்று காட்ட முயல்வோர் உண்மையைத் திரிக்கின்றனர். ஆனால், சிறிய தொகையில் அடங்கியவர்களை மனிதர்களாகவே எண்ணாமல் விட்டுவிடுவதும் உண்மையைத் திரிப்பதே ஆகும்.

எச்சரித்தோம் என்ற வாதம்

லெபனானியக் குடிமக்கள் இவ்வளவு பேர் மாண்டது ஏன்? இஸ்ரேல் கூறிய விடை இரண்டு. ஹிஸ்புல்லாஹ்வினர் மக்களின் நடுவே மறைந்திருந்து போரிட்டனர் என்பது ஒன்று. வெளியேறுமாறு துண்டுப் பிரசுரங்கள் வீசியும் வானொலி வழியாகவும் முன்கூட்டியே எச்சரித்தோம் என்பது மற்றொன்று.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். எச்சரிக்கை கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் எச்சரிக்கை கொடுத்த கையே பாலங்களையும் சாலைகளையும் தகர்த்தது. எரிபொருள் கிடைக்கவில்லை. வண்டிக்குக் கூலி கொடுக்க இயலாத ஏழைகளும், முதியோரும், நோயாளிகளும், அவர்களைப் பராமரித்தவர்களும் ஊரிலேயே தங்கினர். சாலையில் செல்வதும் பாதுகாப்பாக இல்லை. ஜூலை 15 அன்று எல்லையோர மர்வாஹீன் கிராம மக்கள், வெளியேறுமாறு ஒலிபெருக்கியில் வந்த ஆணைக்குக் கீழ்ப்படிந்து புறப்பட்டனர். அவர்களில் சிலர் ஐ.நா. அமைதிப்படையின் முகாமில் அடைக்கலம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டனர். கடலோரச் சாலையை நோக்கிச் சென்ற அவர்களின் வாகன வரிசை தாக்கப்பட்டு 23 பேர் மாண்டனர். பாதிக்கும் மேற்பட்டோர் சிறார். ஆணையை மீறியதால் அல்ல, அதற்குக் கீழ்ப்படிந்ததால் மாண்டவர்கள் இவர்கள்.

ஜூலை 27 அன்று இஸ்ரேலின் அன்றைய நீதித்துறை அமைச்சர் ஹைம் ராமோன், தெற்கு லெபனானில் இன்னும் தங்கியிருப்போர் அனைவரும் ஹிஸ்புல்லாஹ்வுடன் தொடர்புடைய பயங்கரவாதிகளே என்ற பொருளில் வானொலியில் பேசினார். கானா வீடு தகர்க்கப்பட்டது அதற்கு மூன்று நாட்களுக்குப் பின்னர். யுத்தச் சட்டம் கூறுவது இதற்கு நேர்மாறானது. எச்சரிக்கை கொடுப்பது தாக்குவோன் மீதுள்ள கடமை. அதைப் பெற்றவன் போகாமல் இருந்தாலும் அவன் குடிமகனே. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறையில் இவ்விதிகள் விரிவாக உள்ளன. அதில் இஸ்ரேல் கையொப்பமிடவில்லை. ஆயினும் இவற்றின் சாரம் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமாகக் கருதப்படுகிறது.

இனி முதல் விடை. ஹிஸ்புல்லாஹ்வினர் சில இடங்களில் மக்கள் வாழும் பகுதிகளில் ஆயுதங்களை வைத்திருந்ததும், அங்கிருந்து ராக்கெட்டுகளை ஏவியதும் மெய்யே. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அதையும் பதிவு செய்துள்ளது. ஆனால் குடிமக்கள் மாண்ட 90க்கும் மேற்பட்ட தாக்குதல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த அவ்வமைப்பு, பெரும்பாலானவற்றில் தாக்குதல் நடந்த இடத்தில் போராளிகளோ ஆயுதங்களோ இருந்ததற்கு ஆதாரமில்லை என்று 2007இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது.

இந்த யுத்தத்தில் நம் மொழி பேசுவோருக்கும் பங்கிருந்தது. பெய்ரூத்திலும் பிற ஊர்களிலும் பல்லாயிரக்கணக்கான இலங்கைப் பெண்கள் வீட்டுப் பணிப்பெண்களாக இருந்தனர். அவர்களில் தமிழரும் முஸ்லிம்களும் உண்டு. பலருடைய கடவுச்சீட்டு எஜமானரின் அலமாரியில் இருந்தது. எஜமானர் ஊரை விட்டுச் சென்றபின் வீட்டைக் காவல் காக்க விடப்பட்டவர்களும் இருந்தனர். இந்தியக் கடற்படையின் கப்பல்கள் பெய்ரூத்துக்குச் சென்று 2,200க்கும் மேற்பட்டோரை மீட்டபோது, அவர்களில் இலங்கையரும் நேபாளியரும் இருந்தனர்.

எல்லையின் மறுபக்கம்

சகோதரர்களே! இதுவரை கூறியவற்றை எந்தக் கூட்டத்திலும் கூறலாம்; எவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இனிக் கூறுவதுதான் நம்மில் பலருக்குக் கசப்பானது.

ஹிஸ்புல்லாஹ் அந்த 34 நாட்களில் ஏறத்தாழ 4,000 ராக்கெட்டுகளை ஏவியது. இவற்றில் மிகுதியானவை 122 மில்லிமீட்டர் கத்யூஷா வகை. இவ்வகை ராக்கெட்டைத் திசையும் தொலைவும் பார்த்து ஏவலாம்; ஆனால் ஒரு குறிப்பிட்ட கட்டடத்தில் விழச் செய்ய இயலாது. ஊரை நோக்கி ஏவினால் ஊரில் எங்கேனும் விழும். சிலவற்றின் முனையில் ஆயிரக்கணக்கான சிறு எஃகுக் குண்டுகள் நிரப்பப்பட்டிருந்தன. கட்டடத்தையோ பீரங்கி வண்டியையோ அவை தகர்ப்பதில்லை; மனித உடலைத் துளைப்பதே அவற்றின் வேலை. ஜூலை 16 அன்று ஹைஃபா நகரின் ரயில் பணிமனையில் விழுந்த ராக்கெட் எட்டுத் தொழிலாளர்களைக் கொன்றது. ஆகஸ்ட் 3 அன்று அக்கா நகரில் ஐவர் மாண்டனர். அதே நாளில் தர்ஷீஹாவைச் சேர்ந்த அரபு இளைஞர்கள் மூவரும் மாண்டனர்.

இஸ்ரேலில் மாண்ட 43 குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கினர் அரபுகள் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. கலீலிப் பகுதியின் அரபுக் கிராமங்களில் யூத ஊர்களில் இருந்ததைப் போன்ற பொதுப் பதுங்கு அறைகள் போதிய அளவில் இல்லை. அது இஸ்ரேலிய அரசின் பாரபட்சம். ராக்கெட்டை ஏவியது ஹிஸ்புல்லாஹ். இரண்டுக்கும் நடுவில் சிக்கியவர்களுள் நாஸிரா நகரின் இரு சகோதரர்களும் அடங்குவர். இருவரும் சிறுவர்கள். ஜூலை 19 அன்று தெருவில் விளையாடிக்கொண்டிருந்தபோது மாண்டனர். ஹிஸ்புல்லாஹ் தலைவர் ஹஸன் நஸ்ருல்லாஹ் மறுநாள் அல்ஜஸீரா தொலைக்காட்சியில் அக்குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டு, அச்சிறுவர்களை ஷஹீதுகள் என்றார். ஹைஃபாவின் ரயில் தொழிலாளர்களின் குடும்பங்களிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கத் தக்க குற்றம் அதுவென்றால், இது மட்டும் எவ்வாறு குற்றமாகாமல் போகும்?

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜூலை 27 அன்று, இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள கோலான் குன்றுகளின் மஜ்தல் ஷம்ஸ் ஊரில் கால்பந்து மைதானத்தில் ராக்கெட் விழுந்து 12 ட்ரூஸ் சிறார் மாண்டனர். ஹிஸ்புல்லாஹ் அதைத் தான் ஏவவில்லை என்று மறுத்தது. அந்தச் சண்டையில் 2024 நவம்பர் 27 அன்று போர்நிறுத்தம் வருமுன் லெபனானில் 4,000 பேர் அளவில் மாண்டதாக அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் கணக்கிட்டது.

தங்கள் ஊர்களைத் தாக்கியதற்குப் பதிலடியாகவே எதிரியின் ஊர்களைத் தாக்குகிறோம் என்பது 2006இல் ஹிஸ்புல்லாஹ் கூறிய நியாயம். இதற்கு நம் மார்க்கச் சட்டத்தில் இடமுண்டா? ஒரு போர்க்களத்தில் பெண் ஒருத்தி கொல்லப்பட்டுக் கிடந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைக் கண்டித்துத் தடுத்ததை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அபூபக்ர் (ரலி) அவர்கள் படையை வழியனுப்பியபோது பெண்கள், சிறுவர், முதியோர், கனி தரும் மரங்கள் ஆகியவற்றை விட்டுவிடுமாறு அறிவுறுத்தியது முவத்தாவில் உள்ளது. அப்படை சென்றது ஷாம் தேசத்திற்கு; இன்றைய லெபனான் அதன் ஒரு பகுதி.

இவ்விடத்தில் கற்றவர்கள் ஒரு மறுப்பைக் கூறுவர். கோட்டைக்குள் போராளிகளும் பெண்டிரும் கலந்திருக்கையில் மின்ஜனீக் எனும் கல்லெறி பொறியைப் பயன்படுத்தலாம் என்று ஃபுகஹாக்கள் பலர் அனுமதித்துள்ளனரே என்பதே அது. உண்மைதான். ஆனால் அவர்கள் வைத்த நிபந்தனையையும் சேர்த்தே படிக்க வேண்டும். அங்கே குறி போராளிகள்; வேறு வழியில்லாத நிர்ப்பந்தமும் இருக்க வேண்டும். ஊர் மக்களையே குறியாகக் கொண்டு, அவர்களின் அச்சத்தையே ஆயுதமாக்குவதற்கு அந்த அனுமதி பொருந்தாது. இதே அளவுகோல் விமானத்திலிருந்து குண்டு வீசுவோருக்கும் பொருந்தும். அவர்களிடம் குறி தவறாத கருவிகள் இருந்தமையால் இன்னும் கடுமையாகவே பொருந்தும்.

2007 ஆகஸ்டில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், ஹிஸ்புல்லாஹ்வின் ராக்கெட் தாக்குதல்கள் பற்றிய அறிக்கையைப் பெய்ரூத்தில் வெளியிடத் திட்டமிட்டபோது, எதிர்ப்புக் கிளம்பி, அந்தச் செய்தியாளர் கூட்டம் ரத்தாயிற்று. இஸ்ரேலின் தாக்குதல்களைக் கண்டித்து அதே அமைப்பு எழுதியவை மட்டும் மகிழ்வுடன் மேற்கோள் காட்டப்பட்டன. நாமும் அவ்வாறே செய்தோம்.

யுத்தம் முடிந்த பின்

ஐ.நா. பாதுகாப்புச் சபை ஆகஸ்ட் 11 அன்று 1701ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. சண்டை ஓயப் போகிறது என்பது இரு தரப்புக்கும் தெரியும். அந்தக் கடைசி மூன்று நாட்களில்தான் இஸ்ரேல் தெற்கு லெபனானின் மீது கொத்துக் குண்டுகளில் பெரும்பகுதியைப் பொழிந்தது. கொத்துக் குண்டு என்பது ஒரு பெரிய குண்டின் வயிற்றில் நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள் அடைக்கப்பட்டது. வானில் வெடித்து அவற்றைப் பரந்த நிலத்தில் தூவும். தூவப்பட்டவற்றில் ஒரு பகுதி வெடிக்காமல் கிடந்து கண்ணிவெடியாகிவிடும். அவ்வாறு வெடிக்காமல் கிடந்தவை பத்து லட்சம் வரை இருக்கலாம் என்று ஐ.நா. மதிப்பிட்டது. கையடக்கமான அவற்றின் வாலில் துணி நாடா தொங்கும். குழந்தைகள் எடுத்துப் பார்க்கும் வடிவம் அது.

ஹிஸ்புல்லாஹ்வும் கொத்து ராக்கெட்டுகளை ஏவியது. 113 ராக்கெட்டுகள் என்பது இஸ்ரேலியக் காவல்துறையின் கணக்கு. அவற்றுள் சில விழுந்த மஃகார், அரபுகள் வாழும் ஊர்.

ஆகஸ்ட் 14 காலையில் சண்டை நின்றவுடன், பெய்ரூத்திலிருந்து தெற்கு நோக்கிய சாலைகள் மெத்தைகளைக் கூரையில் கட்டிய வாகனங்களால் நிறைந்தன. மக்கள் தங்கள் வீடுகளுக்கும் புகையிலை வயல்களுக்கும் ஒலிவத் தோப்புகளுக்கும் திரும்பினர். ஓராண்டுக்குள் இருநூறுக்கும் மேற்பட்டோர் அக்குண்டுகளால் மாண்டனர் அல்லது ஊனமுற்றனர். எங்கெங்கே தூவப்பட்டன என்ற வரைபடங்களை இஸ்ரேல் ஐ.நா.விடம் ஒப்படைத்தது 2009 மே மாதத்தில்தான். இக்கொடுமை கண்டு எழுந்த முயற்சியால் கொத்துக் குண்டுகளைத் தடை செய்யும் உடன்படிக்கை 2008இல் உருவாகி, 2010 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. லெபனான் அதில் இணைந்தது. உறுப்பு நாடுகளின் இரண்டாவது கூட்டமும் 2011 செப்டம்பரில் பெய்ரூத்திலேயே நடைபெற்றது. இஸ்ரேல் அதில் சேரவில்லை. தெற்கின் தோப்புகளில் வெடிகுண்டு அகற்றும் பணியாளர்கள் சிவப்பும் வெள்ளையுமான கழிகளை நட்டு, முழங்காலிட்டு, நிலத்தை அங்குலம் அங்குலமாகத் தேடும் வேலை அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.