சாளரமும் சட்டகக் கோடுகளும்

படச்சுருளில் படமெடுத்த காலத்தில், 35 மில்லிமீட்டர் சுருள் ஒன்றில் வழக்கமாக 36 படங்களே பதியும். எடுத்த படத்தை உடனே பார்க்க இயலாது. பிழை நேர்ந்தால் அந்நொடியை மீட்கவும் இயலாது. ஆகவே, படத்தின் எல்லைகளை முன்கூட்டியே காட்டும் காட்சிச் சாளரத்தை நம்பியே விசை அழுத்தப்பட்டது. அந்நம்பிக்கைக்குச் சாளரம் எவ்வாறு தகுதி பெற்றது என்பதைத் தொலைவுகாணிப் படக்கருவிகளின் வரலாறு விளக்குகிறது.

இவ்வகைக் கருவியில் கண் லென்சின் வழியாகப் பார்ப்பதில்லை. லென்சுக்கு மேலே, ஒருபுறமாக அமைந்த சாளரத்தின் வழியாகவே பார்க்கிறது. தொலைவிலுள்ள மலையைப் படமெடுக்கையில் இவ்வேறுபாடு புலப்படாது. ஒரு மீட்டர் தொலைவில் இருப்பவரைப் படமெடுத்தாலோ, சாளரத்தில் முழுமையாகத் தெரிந்த தலையின் மேற்பகுதி படத்தில் வெட்டுண்டு போகலாம். இதுவே இடமாறு தோற்றப்பிழை.

ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்கா கருவியை, ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரிலிருந்த லைட்ஸ் நிறுவனம் 1925இல் வெளியிட்டது. லென்சோடு இணைந்த தொலைவுகாணி 1932இல் லைக்கா II கருவியில் இடம்பெற்றது. ஒரே பொருளின் இரு பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை லென்சைத் திருப்பினால் குவியம் சரியாக அமையும். ஆயினும், தொலைவு காண ஒரு சாளரமும் காட்சி காண மற்றொன்றும் இருந்தன. கண் இடம் மாறுவதற்குள் எதிரே ஓடும் குழந்தை நகர்ந்துவிடும். 1936இல் வந்த கான்டாக்ஸ் II இவ்விரண்டையும் ஒரே சாளரத்தில் இணைத்தது.

1954இல் வெளியான லைக்கா எம்3, அச்சாளரத்துள் ஒளிரும் சட்டகக் கோடுகளை அமைத்தது. 50 மில்லிமீட்டர் கோடுகள் எப்போதும் தெரியும். 90 அல்லது 135 மில்லிமீட்டர் லென்சைப் பொருத்தியதும் அதற்குரிய கோடுகள் தாமே தோன்றும். அருகிலுள்ள பொருளுக்குக் குவியம் அமைக்கும்போது, கோடுகள் கீழ்நோக்கிப் பக்கவாட்டில் நகர்ந்து இடமாறு தோற்றப்பிழையை ஈடுசெய்யும்.

எனினும், ஒரு நன்மையைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. எம்3 சாளரத்தின் உருப்பெருக்கம் ஏறத்தாழ 0.91. காட்சி இயல்பான அளவுக்கு நெருங்கித் தெரிவதால் இரு கண்களையும் திறந்துவைத்தே படமெடுக்கலாம். குவியமும் துல்லியமாக அமையும். ஆனால், அகன்ற பரப்பைப் பதிவுசெய்யும் 35 மில்லிமீட்டர் லென்சின் எல்லை அதனுள் அடங்காது. 1950களின் இறுதியில் வந்த எம்2, உருப்பெருக்கத்தை 0.72 ஆகக் குறைத்து அவ்வெல்லைக்கு இடமளித்தது. அதற்கு ஈடாக, தொலைவு காண்பதன் துல்லியத்தைத் தீர்மானிக்கும் பயனுறு அடித்தொலைவு ஏறத்தாழ 62 மில்லிமீட்டரிலிருந்து 50 ஆகக் குறைந்தது. நெருங்கிய முகத்தைப் படமெடுப்பவருக்கு எம்3 ஏற்றது. குறுகிய தெருவில் நின்று கூட்டத்தைப் படமெடுப்பவருக்கு எம்2 ஏற்றது.

ஒற்றை லென்சுப் பிரதிபலிப்புக் கருவியில் கண் லென்சின் வழியாகவே பார்ப்பதால் இடமாறு தோற்றப்பிழை எழாது. ஆனால், படத்தின் எல்லைக்கு அப்பாலுள்ளது அதில் தெரியாது. படம் பதியும் கணத்தில் கண்ணாடி மேலெழுவதால் காட்சியும் மறையும். தொலைவுகாணிச் சாளரத்தில் காட்சி மறைவதில்லை. கோடுகளுக்கு வெளியே பெரும்பாலும் சற்றேனும் இடம் எஞ்சியிருக்கும். அங்கே வரும் மிதிவண்டி சட்டகத்துள் எப்போது நுழையும் எனக் காத்திருக்கலாம். வேண்டாத ஒன்று நுழையுமுன் விசையை அழுத்தலாம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்னும் முடிவை, இரண்டையும் ஒருங்கே கண்டு எடுப்பதற்கு அக்கோடுகள் துணைநிற்கின்றன.