வங்கக் கதைகளும் தமிழ்த் திரையும்: வழிநூல் மரபு நோக்கில் ஓர் ஆய்வு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் அமைந்த மூங்கில்துறைப்பட்டில், முதியோர் சிலருடன் பழைய திரைப்படங்களைப் பற்றி உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. 1960இல் வெளிவந்த ‘படிக்காத மேதை’யின் பேச்சு எழுந்தபொழுது, இரங்கன் வீட்டைவிட்டு வெளியேறும் பகுதியை அவர்கள் நேற்றுக் கண்டதுபோல் எடுத்துரைத்தனர். அக்கதை வங்க மொழியிலிருந்து வந்தது என்று நாம் கூறியதை அவர்கள் எளிதில் ஒப்பவில்லை. தம் தெருவில் நடந்த கதையே அஃது என்பது அவர்தம் துணிபு. பிறமொழிக் கதை ஒன்று இத்துணைத் தமிழாகிவிடுதல் அதனை ஆக்கியோர்க்குப் பெருமையா, இழப்பா? இவ்வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாய் ஆகும்.

1. வழிநூல் இலக்கணம்

தொல்காப்பியர் மரபியலில் நூலினை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தினார். வழிநூல் முதல்நூலின் முடிபோடு ஒத்துச் செல்லினும், பின்வரும் ஆசிரியன் விரும்பும் வேறுபாடுகளும் அதன்கண் அமையலாம் என்பது நன்னூலார் கருத்து. கம்பர் வான்மீகியாரை வழிமொழிந்தும் தமக்கெனத் தனிக் காவியம் கண்டதை யாவரும் அறிவர். இவ்விலக்கணம் திரைப்படத்தை நோக்கி எழுந்ததன்று. ஆயினும், கதை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்கும், ஏட்டினின்று திரைக்கும் செல்லுங்கால் நிகழ்வனவற்றை அளந்தறிய இதனினும் ஏற்ற கருவி நம்மிடம் இல்லை எனலாம்.

2. வங்கத்தில் தொகுத்தல்

வங்கத் திரைப்படம் தொடக்க முதலே புதினத்தைச் சார்ந்து வளர்ந்தது. விபூதிபூஷண் வந்த்யோபாத்யாயரின் ‘பதேர் பாஞ்சாலி’ 1929இல் நூலாயிற்று. சிறுவர்க்கென அதனைச் சுருக்கி 1944இல் வெளியிட்ட பதிப்புக்குப் படங்கள் வரைந்தவர், அந்நாளில் விளம்பர ஓவியராய்ப் பணியாற்றிய சத்யஜித் ராய். அவரே 1955இல் அக்கதையைத் திரைப்படமாக்கினார். புதினம் அக்குடும்பத்தைக் காசிக்கும் அழைத்துச் சென்று மேலும் தொடர்கிறது. படமோ குடும்பம் ஊரைவிட்டு நீங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. இது தொகுத்தலுக்குச் சிறந்த சான்று. நிகழ்ச்சிகள் குறைந்தன, முதல்நூலின் உள்ளம் குறையவில்லை.

இப்புதினம் ஆர். சண்முகசுந்தரம் மொழிபெயர்ப்பால் தமிழ் நூலாகக் கிடைத்தது. தமிழ்த் திரைக்கு வரவில்லை. தமிழ்த் திரை நாடி எடுத்துக்கொண்டது வேறு வகைக் கதை. அஃது யாது எனக் காண்போம்.

3. தலைப்பு மாற்றம் காட்டும் உண்மை

சரத் சந்திரரின் ‘நிஷ்கிருதி’ 1957இல் ‘எங்கள் வீட்டு மகாலட்சுமி’ ஆயிற்று. மூலத் தலைப்பின் பொருள் விடுதலை என்பது. மணிலால் வந்த்யோபாத்யாயரின் ‘சுயம்சித்தா’ 1956இல் ‘பெண்ணின் பெருமை’ ஆயிற்று. மூலத் தலைப்பு, தன் ஆற்றலால் தானே நிறைவெய்திய ஒருத்தியைக் குறிப்பது. ஆஷாபூர்ணா தேவியின் ‘அக்னி பரீட்சை’ வங்கத்தில் 1954இல் படமாகிப் பின்னர் 1959இல் தமிழில் ‘மஞ்சள் மகிமை’ எனப் பெயர் பெற்றது. 1960இல் வந்த ‘மாயா மிருகம்’ என்னும் வங்கப் படம் 1962இல் ‘அன்னை’ ஆயிற்று.

இவற்றுள் இறுதி இரண்டும் உற்று நோக்கத்தக்கன. தீப்புகுதலும் மாயமானும் இராமாயணத்தினின்று எடுத்த குறியீடுகள். அறியாப் பருவத்தில் மணம் முடிக்கப்பெற்ற பெண், வளர்ந்தபின் காதலுக்கும் அம்மணத்துக்கும் இடையே படும் துன்பத்தை வங்கத் தலைப்புச் சீதையின் சோதனையாகக் கண்டது. தமிழ்த் தலைப்போ அதனைத் தாலியின் சிறப்பாக மாற்றியது. வங்கத்தில் மணமான பெண்ணுக்கு அடையாளம் சங்கு வளையலும் வகிட்டுக் குங்குமமுமேயன்றித் தாலி அன்று. எனவே இம்மாற்றம் சொல் மாற்றம் மட்டுமன்று. தீர்ப்பின் மாற்றமும் ஆகும். அவ்வாறே, உடன்பிறந்தாள் மகனைத் தன் மகனாக வளர்ப்பவளின் பற்றினை வங்கம் பிடிக்கப் பிடிக்க விலகியோடும் மாயமான் என்றது. தமிழ் அதனைத் தாய்மை என்று போற்றியது. வங்கத் தலைப்பு ஐயத்தை எழுப்ப, தமிழ்த் தலைப்பு விடையை முன்னரே கூறிவிடுகிறது.

தலைப்பு மாறாதது ‘தேவதாஸ்’ ஒன்றே எனலாம். 1917இல் நூலாகிய அக்கதை, 1935இல் வங்கத்திலும் 1936இல் இந்தியிலும் பரூவாவின் இயக்கத்தில் படமாகிப் புகழ் பெற்றது. ஆதலின் 1953இல் நாகேசுவரராவும் சாவித்திரியும் நடித்த தமிழ்ப் படம் வந்தபொழுது, அப்பெயருக்கு விளக்கம் வேண்டப்படவில்லை.

4. விரித்தல்: ‘படிக்காத மேதை’

இப்படத்தின் மூலம் ஆஷாபூர்ணா தேவியின் கதையை ஒட்டி 1953இல் வந்த ‘யோக வியோகம்’ என்னும் வங்கப் படம். வங்கத்தில் இத்தொடர் கூட்டல் கழித்தலையும் குறிக்கும். ஒரு குடும்பத்தில் யார் கூட்டப்பட்டார், யார் கழிக்கப்பட்டார் என்னும் கணக்கே மூலத் தலைப்பின் நோக்கு. பீம்சிங் இயக்கிய தமிழ்ப் படத்தின் தலைப்பு அக்கணக்கை விடுத்து, கழிக்கப்பட்டவன் ஒருவனையே நடுவில் நிறுத்தியது. செல்வம் நிறைந்த வீட்டில் வளர்ந்த எழுத்தறியாத இரங்கனும், கற்றும் நன்றி மறந்த மக்களும் எதிரெதிர் நிற்கின்றனர். கல்வி பரவிய காலத்தில், கல்விக்கும் பண்புக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினா தமிழர்க்குப் புதிதன்று; குறளின் கல்வி அதிகாரத்தையும் பண்புடைமை அதிகாரத்தையும் ஒருங்கு படித்தோர் அதனை அறிவர்.

விரித்தலின் உச்சம் பாரதியாரின் பாட்டில் உள்ளது. ‘கண்ணன் பாட்டி’ல் கண்ணனைச் சேவகனாகக் கண்டு பாடிய பகுதியை இப்படம் எடுத்தாண்டது, கே. வி. மகாதேவன் இசையில் சீர்காழி கோவிந்தராஜன் பாடினார். இரங்கன் என்பதும் திருமாலின் பெயரே. வங்க வீட்டில் வளர்க்கப்பட்ட பிள்ளை, பாரதியின் பாட்டு ஒன்றால் தமிழ் வீட்டில் ஏவல் செய்ய வந்த கடவுளாகிறான். பின்னோன் விரும்பும் வேறுபாடு என நன்னூலார் கூறியது இதுவே. மூங்கில்துறைப்பட்டு முதியோர் இதனை அயற்கதை என ஒப்பாமைக்குக் காரணமும் இதுவே என்க.

5. வந்த வழிகள்

இக்கதைகள் ஒரே வழியில் வந்தில. த. நா. குமாரஸ்வாமி, த. நா. சேனாபதி ஆகியோர் வங்க நூல்களை நேரே தமிழாக்கினர். சென்னைப் படநிறுவனங்கள் சில, தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே படம் எடுத்தமையால், தெலுங்கு வழியாகவும் வங்கக் கதை வந்தது. ‘மஞ்சள் மகிமை’ இவ்வகையினது. கூட்டுக்குடும்பம், மருமகள் நிலை, சொத்துப் பிரிவினை ஆகியன மூன்று நாட்டிற்கும் பொதுவாயிருந்தமையின் குடும்பக் கதைகளே மிகுதியாக வந்தன.

வழியறியாவிடின் பிழை நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 1964இன் ‘புதிய பறவை’க்கு 1963இன் ‘சேஷ அங்கம்’ என்னும் வங்கப் படம் மூலம். அதுவோ 1958இல் வந்த ஆங்கிலப் படம் ஒன்றன் கதைப்போக்கைத் தழுவியது. இதனை வங்கக் கதை என்று மட்டும் எழுதிச் செல்வோர் பாதி வழியிலேயே நின்றவராவர்.

6. முடிபு

சிறப்புப்பாயிரம் கூறவேண்டுவனவற்றுள் ஆக்கியோன் பெயருக்கு அடுத்து நிற்பது வழி. திரைப்படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப்பட்டியலே அதன் பாயிரம். அது நொடியில் மறைவது. ஆதலின் அதனை ஏட்டில் நிலைநிறுத்தும் கடமை ஆராய்ச்சியாளரைச் சார்ந்தது. முதல்நூல், வங்கப் படம், இடைமொழிப் படம், தமிழ்ப் படம் ஆகியவற்றை ஒருங்கு வைத்து ஒப்பிட்டு, தொகுத்தன இவை, விரித்தன இவை எனப் பட்டியலிடுதல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற பணியாகும்.

ஆஷாபூர்ணா தேவி (1909–1995) பள்ளி சென்று பயின்றவர் அல்லர். உடன்பிறந்த ஆண்மக்கள் படிக்கக் கேட்டே எழுத்தறிந்தவர். 1976ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசைப் பெற்று, அதனை அடைந்த முதற்பெண் என்னும் சிறப்பெய்தினார். ‘படிக்காத மேதை’ என்னும் பெயர் இரங்கனினும் அவருக்கே மிகப் பொருந்தும். கதை தமிழாகியது அவர்க்குப் பெருமை. பெயர் மறக்கப்பட்டது நமக்கு இழப்பு.