கண்ணடிக் கருமையும் தீவுக் கடிகாரமும்

மே மாதத்தில் ஸ்ரீ விஜயபுரத்தில் காலை 5 மணிக்கு முன்பே கதிரவன் எழுந்துவிடுகிறான். டிசம்பரிலோ மாலை 5 மணிக்கே இருள் கவியத் தொடங்குகிறது. 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என வழங்கிய இந்நகரம் ஏறத்தாழ 92.7 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது. இந்திய நேரமோ 82.5 பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இடையிலுள்ள 10 பாகைக்கு 40 நிமிடத்திற்கும் சற்று மேல். அந்தமான் நிகோபார் தீவுகளில் வாழும் நமது வாடிக்கையாளர்கள் தம் கண்களுக்குக் கீழே படியும் கருமையைப் பற்றிச் சிந்திக்க இந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

கண்ணுக்குக் கீழுள்ள தோல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமே உடையது. முகத்தில் வேறெங்கும் இத்தனை மெல்லிய தோல் இல்லை. அதனடியில் கொழுப்புப் படலம் மிகக் குறைவு. எண்ணெய்ச் சுரப்பிகளும் சிலவே. எனவே அடியிலுள்ள குருதிக்குழாய்களின் நீலம் மேலே தெரிகிறது. கண்ணிமைத்தல், சிரித்தல், வெயிலில் கண்ணைச் சுருக்குதல் என ஓயாத அசைவும் அத்தோலுக்கே உரியது.

கருமை எல்லாம் ஒரே வகையன்று. கண்ணாடியின் முன் நின்று, விரல்நுனியால் கீழிமைத் தோலை மெல்ல இழுத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் மாறாமல் நின்றால் அது பெரும்பாலும் நிறமி மிகுந்ததால் வந்தது. நீலமோ ஊதாவோ கூடுதலாகத் தெரிந்தால் குருதிக்குழாய்களே காரணமாகலாம். முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்தவுடன் கருமை மறைந்துவிட்டால் அது கன்னப் பள்ளத்தின் நிழல்தான். எந்தக் களிம்பும் நிழலைத் துடைக்காது. தாய்க்கும் பாட்டிக்கும் இருந்த கருமை நமக்கும் வந்திருந்தால், அது குடும்பச் சொத்து என்று ஏற்றுக்கொள்வதே நலம்.

தீவு வாழ்வு கூட்டுவது இரண்டு. முதலாவது வெயில். ‘காலை 10 முதல் மாலை 4 வரை வெயிலில் அலையாதீர்கள்’ என்ற அறிவுரை பெருநிலத்துக் கடிகாரத்துக்கு எழுதப்பட்டது. இங்கே உச்சிப்பொழுது 11 மணிக்கும் 11.30 மணிக்கும் இடையிலேயே வந்துவிடுகிறது. ஆகையால் காலை 9 மணிக்குப் படகுத்துறையில் நிற்பவர், ‘இன்னும் வெயில் ஏறவில்லை’ என்று எண்ணுவது பிழை. மாலை 3.30க்கு மேல் ஓரளவு நிம்மதியாக நடக்கலாம்.

தொப்பி அணிந்தாலும் போதாது. வெண்மணல் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும், கடல் நுரை 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புவதாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. அதாவது ஒளி கீழிருந்து மேலே வந்து கண்ணடித் தோலைத் தாக்குகிறது. பக்கவாட்டையும் மறைக்கும், ‘யுவி 400’ என்று குறிப்பிட்ட கருப்புக் கண்ணாடியே இதற்குத் தக்க கேடயம். கண்ணாடி வெறுமனே கருப்பாக இருந்து புற ஊதாவைத் தடுக்காவிட்டால், பாவை விரிந்து கதிர் உள்ளே கூடுதலாகப் புகும். சன்ஸ்கிரீனைப் பொறுத்தவரை, வியர்வையோடு வழிந்து கண்ணை எரிக்காத துத்தநாக ஆக்சைடு வகையைத் தேர்வதே வசதி. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல் இருக்கட்டும். மோதிர விரலால் எலும்பின் மேல் ஒற்றி எடுத்தால் போதும், தேய்க்க வேண்டாம். கடலில் குளித்தபின் உப்பை நன்னீரால் கழுவுங்கள். கோடையில் தானிக்காரி அணையின் நீர் குறைந்து குழாய் நீர் அளந்து வரும் நாளிலும் ஒரு குவளை நீர் இதற்குப் போதும்.

இரண்டாவது தூக்கம். தொலைக்காட்சித் தொடரும் உறவினரின் அழைப்பும் சென்னை நேரத்தில் வருகின்றன. விடியலோ தீவு நேரத்தில் வருகிறது. இரவு 11 மணிவரை விழித்திருந்து 5 மணிக்கு ஒளியால் எழுபவருக்கு ஆறு மணித் தூக்கம்கூடத் தேறுவதில்லை. தூக்கக் குறைவில் தோல் வெளிறி, அடியிலுள்ள நீலம் தெளிவாகிறது, வீக்கமும் கூடுகிறது. தடித்த திரைச்சீலை ஒன்றை வாங்கிக் கிழக்குச் சாளரத்தில் தொங்கவிடுவது, பல களிம்புக் குப்பிகளைவிட மலிவான சிகிச்சை என்று நாம் கருதுகிறோம்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் சுவர்ப் பூஞ்சையும் தலையணைத் தூசியும் ஒவ்வாமையைத் தூண்டுவது இயல்பு. மூக்கடைப்பும் அரிப்புமாகக் கண்ணைக் கசக்கக் கசக்க அங்கே கருமை ஏறுகிறது. இவர்களுக்குத் தேவை அழகுக் களிம்பன்று, ஒவ்வாமைக்கான மருந்து.

இப்போது நாம் உண்மையில் அஞ்சுவதைச் சொல்லிவிடுகிறோம். பலர் சிவப்பழகு தரும் என்று நம்பி, ஸ்டீராய்டு கலந்த களிம்பை இமையடியில் தடவுகின்றனர். இரண்டு வாரத்தில் நிறம் வெளுப்பது போலத் தோன்றும். மாதங்கள் கடந்தால் தோல் மேலும் மெலியும், நுண்குழாய்கள் சிவந்து தெரியும். மருந்து கண்ணுக்குள் சென்று கண்ணழுத்தத்தை உயர்த்தி, நிலையான பார்வையிழப்புக்குக் காரணமான கிளாக்கோமாவையும் கொண்டுவரக்கூடும். கிளாக்கோமா வலியின்றி வளர்வது. 2018இல் மத்திய அரசு இத்தகைய 14 களிம்புகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்கும் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணமும் இவ்வகைக் கேடுகளே. குழாயின் மேல் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசோல் என்று அச்சிட்டிருந்தால், மருத்துவர் சொல்லாமல் கண்ணருகே கொண்டு செல்லாதீர்கள். உள்ளடக்கம் அச்சிடாத வெளிநாட்டுச் சிவப்பழகுக் குப்பிகளில் பாதரசம் இருக்கக்கூடும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும்கூட இங்கே ஆகாது.

விலையுயர்ந்த கண் களிம்புகள்? 15 கிராம் குப்பியின் விலையைக் கிராம் கணக்கில் வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலுள்ள கிளிசரினும் எண்ணெயும் சாதாரண ஈரக் களிம்பிலும் உள்ளன. ரெட்டினால் சுருக்கத்தைச் சிறிது குறைக்கலாம், ஆனால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். குளிர்ந்த துணியோ வெள்ளரித் துண்டோ வீக்கத்தைச் சில மணி நேரம் தணிக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

காலையில் இரு கண்களும் வீங்கிக் காலிலும் நீர் கோத்தால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். இமையருகே மஞ்சள் திட்டுகள் தோன்றினால் கொழுப்பு அளவைப் பாருங்கள். கீழிமையின் உட்புறம் சிவப்பின்றி வெளிறியிருந்தால் இரத்தச்சோகை இருக்கலாம். ஒரு கண்ணில் மட்டும் வீக்கமும் வலியும் காய்ச்சலும் வந்தால் காத்திருக்கலாகாது, அன்றே ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவ நிலையத்திற்கோ செல்லுங்கள். அவசரமில்லாதவற்றுக்கு, கப்பலேறி வர முடியாத நிகோபார் வாசிகள் இ-சஞ்சீவனி தொலைமருத்துவத்தை நாடலாம். அப்போது காட்டும் புகைப்படத்தை ஃபிளாஷும் ஃபில்டரும் இன்றி, பகலில் சாளரத்தை நோக்கி நின்று எடுங்கள். கருமையின் உண்மை நிறத்தை மருத்துவர் காண அதுவே எளிய வழி.