ஒரு காந்தமும் ஒரு கண்ணாடித் துண்டும்

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தன் பழைய வி-8 பிக்கப் ட்ரக்குக்கு ஹெடர், அதாவது எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி, மாற்றப் பார்க்கிறாராம். இரண்டு ஜோடி பார்த்து வைத்திருக்கிறார். இரண்டும் எவர்சில்வர், இரண்டும் ஒரே பளபளப்பு. விலை மட்டும் ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது. எதை வாங்குவது என்று கேட்கிறார்.

பளபளப்பை முதலில் மறந்துவிடுங்கள். எவர்சில்வரிலேயே ரகம் உண்டு. 304 என்பது நம் அடுக்களைப் பாத்திர ரகம். 18 சதம் குரோமியம், 8 சதம் நிக்கல். 409-இல் குரோமியம் 11 சதம்தான். காந்தம் வைத்தால் 409 ஒட்டும், 304 பெரும்பாலும் ஒட்டாது. துருவுக்கு 304தான் தாங்கும். ஆனால் சூட்டில் அதுதான் அதிகம் நீளும். அரை மீட்டர் 304 பட்டையை 500 டிகிரி சூடாக்கினால் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வளரும். 409 மூன்று அளவில் நிற்கும். குழாய்க் கனம் 18 கேஜா (1.2 மி.மீ.), 16 கேஜா (1.5 மி.மீ.) என்பதையும் கேளுங்கள். 16 நல்லது.

எனக்கு இதில் பிடித்த இடம் ஃபிளேஞ்ச். எஞ்சினோடு ஹெடர் முகம் சேரும் பட்டை அது. வெல்டிங் ஆறும்போது இரும்பைச் சுருக்கி இழுக்கும். வெயிலில் காயும் அப்பளம் ஓரம் தூக்குவதுபோலப் பட்டை வளையும். நல்ல பட்டறையில் 9 மி.மீ.க்குக் குறையாத பட்டையைக் கனமான ஜிக்கில் (பிடிசட்டத்தில்) இறுக்கி வெல்டு வைப்பார்கள். பிறகு முகத்தை மெஷினில் சீவிச் சமப்படுத்துவார்கள். மலிவுச் சரக்கில் அந்தக் கடைசி வேலைதான் விட்டுப்போகும்.

வளைந்த பட்டையை போல்ட் போட்டு இழுத்துப் பிடித்தால் என்ன ஆகும் என்பதைச் சங்ககிரியில் என் மாமாவின் லாரியில் பார்த்தேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இடுக்கு வழியே புகை கசிந்து டிக் டிக்கென்று கேட்கும். பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். இரும்பு சூடேறி விரிந்து, இடுக்கு தானே அடைபட்டுவிடும். "சூடேறுனா நின்னுபோயிரும்டா" என்று மாமா இரண்டு வருஷம் ஓட்டினார். கழற்றியபோது கடைசி சிலிண்டரின் ஸ்டட் முறிந்திருந்தது; கேஸ்கெட் ஓரத்தில் கரி விசிறிபோல் படிந்திருந்தது. உங்கள் பெட்ரோல் எஞ்சினில் இன்னொரு கேடும் உண்டு. அதே இடுக்கில் வெளிக்காற்று புகுந்தால் ஆக்ஸிஜன் சென்சார் ஏமாந்து கூடுதல் பெட்ரோலை விடச் சொல்லும். நின்றுபோன சத்தத்தைக் குணமானதாக எண்ணாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீளக் குழாய் ஹெடர் மாட்டும் சாக்கில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அது சட்டவிரோதம். சுத்தமாகாத அந்தப் புகையைச் சுவாசிப்பது பின்னால் சைக்கிளில் வரும் பிள்ளை. உறுமலுக்காக அதைச் செய்யாதீர்கள்.

பார்சல் வந்ததும் ஃபிளேஞ்சைத் தடித்த கண்ணாடி மேல் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் கசிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கசியாவிட்டால், 409 ஆனாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாட்டி, கொஞ்சம் ஓட்டி, எஞ்சின் முழுக்க ஆறியபின் போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.