தவறுதலாக நடந்த மரணமும் கணக்கில் வரும்: வளைகுடா சாலைகளில் நம் பொறுப்பு

"ஹஜ்ரத், என் கார் மோதி ஒருவர் மவுத்தாகிவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனி திய்யத் பணத்தைக் கொடுத்துவிட்டது. கேஸும் முடிந்துவிட்டது. இதற்கு மேல் நான் செய்ய வேண்டியது ஏதும் இருக்கிறதா?"

சவூதியில் வேலை செய்யும் சகோதரர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தபோது என்னிடம் கேட்ட கேள்வி இது. 120 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலையில் 150-ல் சென்றதாக அவரே ஒப்புக்கொண்டார். "இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு வைக்க வேண்டும்" என்று சொன்னதும் திகைத்துப்போனார். "நான் வேண்டுமென்று செய்யவில்லையே, அது கத்ரில் உள்ளதுதானே?" என்றார்.

நம்மில் பலருடைய எண்ணமும் இதுதான். விபத்து என்றாலே விதி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். மார்க்கம் அப்படிக் கடந்துபோக விடவில்லை.

சாலை நன்றாக இருப்பதே சோதனை

உலகில் ஆண்டுதோறும் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு முதன்மைக் காரணமே இதுதான். பிழைப்புக்காக வளைகுடா செல்லும் நம் பிள்ளைகளில் பலரும் இந்த வயதினர்தான்.

நம் ஊரில் குண்டும் குழியுமான சாலையே வேகத்தைக் குறைத்துவிடும். அங்கே சாலை அகலமாக, நேராக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை செல்கிறது. 140-ல் போனாலும் வேகம் தெரியாது. இடதுகோடித் தடத்தில் போனால், பின்னால் வருபவர் முட்டுவதுபோல் நெருங்கி வந்து விளக்கை அடித்து அடித்து விலகச் சொல்வார். சிலர் சாலையோர மண்ணில் இறங்கி முந்துவார்கள். பாலைவன நெடுஞ்சாலைகளில் இரவில் ஒட்டகம் குறுக்கே வந்து நிற்கும். சவூதியில் 2010-ல் 'ஸாஹிர்' கேமராக்கள் வந்தன. கேமரா அருகே மட்டும் வேகத்தைக் குறைத்து, தாண்டியதும் மீண்டும் பறப்பவர்கள் இன்றும் உண்டு. கேமரா பார்க்காத இடத்திலும் அல்லாஹ் பார்க்கிறான் என்பது நமக்குத் தெரியாததல்ல.

நடந்து செல்பவருக்கும் ஆபத்து உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் வண்டிகள் இடப்பக்கம் செல்வதால், சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்த்துப் பழகியிருக்கிறோம். வளைகுடாவில் வண்டிகள் வலப்பக்கம் செல்கின்றன. எனவே முதலில் இடப்பக்கத்திலிருந்துதான் வண்டி வரும். புதிதாகப் போனவர் பழைய பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்தபடி காலை வைத்துவிடுகிறார். ஆறு தடச் சாலையில் நடைமேம்பாலம் வரை நடக்கச் சோம்பல்பட்டுக் குறுக்கே ஓடுபவர்களும் இருக்கிறார்கள்.

மார்க்கத் தீர்ப்பு என்ன?

தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை சூரத்துந் நிஸாவின் 92-வது வசனம் விளக்குகிறது. அதில் இரண்டு கடமைகள் உள்ளன.

முதலாவது, இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய திய்யத் என்ற ஈட்டுத்தொகை. இது வாரிசுகளின் உரிமை. அவர்கள் விரும்பினால் மன்னித்து விட்டுக்கொடுக்கலாம். சவூதியில் இத்தொகை 2011-ல் 3 லட்சம் ரியாலாக உயர்த்தப்பட்டது.

இரண்டாவது, கஃப்பாரா என்ற பரிகாரம். அடிமையை விடுதலை செய்வது இன்று சாத்தியமில்லை என்பதால், இரண்டு மாதம் இடைவிடாமல் நோன்பு வைக்க வேண்டும். இது அல்லாஹ்வுக்குரிய கடமை. வாரிசுகள் மன்னித்தாலும், நீதிமன்றம் விடுவித்தாலும், இன்சூரன்ஸ் பணம் கொடுத்தாலும் இது நீங்காது. தக்க காரணமின்றி நடுவில் ஒரு நாள் விட்டாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே விபத்தில் மூவர் இறந்தால் மூன்று கஃப்பாரா, அதாவது ஆறு மாத நோன்பு என்பது அறிஞர்கள் பலரின் தீர்ப்பு. இறந்தவர் அவருடைய காரிலேயே வந்த சொந்த மனைவியாக, மகனாக இருந்தாலும் இதே சட்டம்தான்.

1993-ல் புரூனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது மார்க்கக் கடமை என்று முடிவு செய்தது. வண்டியால் ஏற்படும் சேதத்துக்கு ஓட்டியவரே பொறுப்பு என்றும் கூறியது. தவிர்க்கவே முடியாத சூழல், பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தவறு, மூன்றாம் நபரின் தவறு ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்கு அளித்தது. தூங்கிவிட்டேன், போன் பார்த்தேன், அவசரமாகப் போனேன் என்பவை இந்த விலக்கில் வராது.

இன்சூரன்ஸை நம்பி இருப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினாலோ, சிவப்பு விளக்கைத் தாண்டினாலோ, எதிர்த்திசையில் சென்றாலோ, கொடுத்த பணத்தை ஓட்டியவரிடமிருந்தே திரும்ப வசூலிக்கும் உரிமை சவூதியில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்டு. நண்பரின் வண்டியை "கொஞ்ச தூரம்தானே" என்று வாங்கி ஓட்டுபவர் வாழ்நாள் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ளக்கூடும்.

நன்மைக்காகவும் அவசரம் வேண்டாம்

வருத்தமான செய்தி என்னவென்றால், நம்மவர்களின் ஆபத்தான பயணங்கள் பல நல்ல காரியத்துக்காகவே நடக்கின்றன. வியாழன் வேலை முடித்து, ஓய்வில்லாமல் ரியாதிலிருந்து மக்காவுக்கு சுமார் 900 கிலோமீட்டர் ஓட்டி உம்ரா செய்து, சனி இரவே திரும்புகிறார்கள். தம்மாமிலிருந்து என்றால் இன்னும் அதிகம். ரமளானில் மஃரிபுக்கு முந்தைய அரை மணி நேரம், களைப்பும் பசியுமாக எல்லோரும் வீட்டுக்குப் பறக்கிறார்கள்.

அரஃபாவிலிருந்து திரும்பும்போது மக்கள் ஒட்டகங்களை அதட்டி விரட்டுவதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், நிதானமாகச் செல்லுமாறும், விரைவதில் நன்மை இல்லை என்றும் அறிவுறுத்தினார்கள். தொழுகையில் தூக்கம் மிகைத்தால் உறங்கி எழுந்து தொழச் சொன்னதும் அவர்களே. தொழுகைக்கே இந்தச் சட்டம் என்றால் ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு? ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் வண்டியில் இருந்தால், ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி நோன்பு திறக்கலாம். வீட்டுக் கஞ்சி காத்திருக்கும்.

ஊரில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

இதில் ஊரில் உள்ள குடும்பத்துக்கும் பங்குண்டு. மகனோ கணவரோ போனை எடுத்ததும், "வண்டி ஓட்டிக்கொண்டா இருக்கிறாய்?" என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் உடனே வைத்துவிடுங்கள். மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். "உம்ராவுக்கு எப்போது போனாய்?" என்று கேட்கும் உம்மா, "தூங்கிவிட்டுப் போனாயா?" என்றும் கேட்கட்டும். குடும்பத்தை அழைத்து வைத்திருப்பவர்கள் பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பெல்ட் போடுங்கள். குழந்தையை மடியில் வைத்து முன் இருக்கையில் உட்காருவது பாசமல்ல.

வண்டியில் ஏறும்போது பயண துஆ ஓதுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்பதுதான் நபிவழி. வேகத்தைக் குறைப்பதும், தூங்கி எழுந்து ஓட்டுவதும் அப்படிக் கட்டுவதுதான்.

அந்தச் சகோதரர் அறுபது நோன்புகளையும் வைத்து முடித்ததாக அண்மையில் தகவல் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். "நோன்பு முடிந்துவிட்டது ஹஜ்ரத், அந்த மனிதரின் முகம்தான் இன்னும் போகவில்லை" என்றார்.

நம் கரங்களால் பிற உயிர்களுக்குத் தீங்கு நேராமலும், பிறரால் நமக்குத் தீங்கு நேராமலும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.