மாப்பிள்ளை வந்துட்டாரு, மாம்பழம் எடுத்து வைங்க!

நாளைக்குக் கல்யாணம். இன்றைக்கு மாப்பிள்ளை அழைப்பு. காரைக்கால் ஆற்றங்கரை சித்தி விநாயகர் கோயில் வாசலில் நாகஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்துகிறார். தவில்காரர் விரல் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டுகிறார். சீர்த்தட்டு தூக்கப் போகும் பெண்கள் எந்தத் தட்டு முன்னால் போவது, எது பின்னால் வருவது என்று சலசலக்கிறார்கள். பூத்தட்டுதான் முதலில் என்று ஒரு பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பட்டு உடுத்தி, மாலை சூடி, ஊரே திரும்பிப் பார்க்கும் அழகில் அமர்ந்திருக்கிறார் மாப்பிள்ளை.

பெயர் பரமதத்தன், சொந்த ஊர் நாகப்பட்டினம், தொழில் வாணிபம். பெண் காரைக்கால் வணிகர் தனதத்தன் மகள் புனிதவதி, பின்னாளில் காரைக்கால் அம்மையார். இந்தக் கல்யாணம் முதலில் நடந்து சுமார் 1,500 வருடம் ஆகிறது. ஆனி மாதம் பிறந்தால் போதும், ஊர் மறுபடியும் பெண் வீடாகி விடுகிறது!

வெளியூர்க்காரர்களுக்கு இது மாங்கனித் திருவிழா. ஆனிப் பௌர்ணமியன்று சாமி வீதியில் வர, மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள் என்பது பத்திரிகைப் படங்களில் எல்லோரும் பார்த்ததுதான். அந்தப் படத்துக்குள் வராத மனிதர்களையும் சமையல்கட்டுகளையும் ராத்திரிகளையும் பார்க்கலாம், வாங்க. எனக்கு விழாவை விட அதுதான் கொள்ளை ஆசை.

முதலில் பழம். விழா நெருங்க நெருங்கக் காரைக்காலில் மூக்கு சும்மா இருக்காது. நேரு மார்க்கெட் பக்கம் திரும்பினால் மணம். பாரதியார் வீதித் தள்ளுவண்டிகளில் மணம். பங்கனபள்ளி வரத்து ஓய்கிற நேரம், நீலமும் ருமானியும் கிளிமூக்கும் கூடை கூடையாக இறங்குகிற நேரம். சாப்பிட வாங்குகிறவர் ஒரு பழத்தைத் தேர்ந்தெடுக்கும் விதம் வேறு, வீச வாங்குகிறவர் தேர்ந்தெடுக்கும் விதம் வேறு. சாப்பிடுகிறவர் காம்புப் பக்கம் முகர்ந்து பார்ப்பார். வீசுகிறவர் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்து, கொஞ்சம் விறைப்பாக இருந்தால்தான் பைக்குள் போடுவார்.

சாமி வரும் வீதியில் ஒரு மாடி வீடு. நடுக்கூடத்தில் பழைய வேட்டி விரித்து, அதன்மேல் பழங்களைப் பரப்பி, முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் வீட்டு அப்பாயி. பேரன் ஒரு மஞ்சள் பழத்தைத் தூக்கிக் காட்டுகிறான்.

“இது நல்லாருக்குல்ல அப்பாயி?”

“அது நீ திங்கிறதுக்குடா. கொழகொழன்னு பழுத்ததைப் போட்டா ஏந்துற பொண்ணு கையில நசுங்கிப் போவும். செங்காயாப் பாத்து எடு.”

முற்றிய காய், நிறம் ஏறியிருக்கும், இன்னும் இளகியிருக்காது. அதுதான் செங்காய். மாடியிலிருந்து விழுந்தாலும் தாங்கும், வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்தால் தேனாகப் பழுக்கும். கீழே நிற்கும் முகம் தெரியாத ஒரு பெண்ணின் முந்தானையை நினைத்து ஒவ்வொரு பழமாகத் தொட்டுப் பார்க்கும் அந்தச் சுருங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அந்த மாம்பழம் கையில் விழுந்தால் பிள்ளை பிறக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. அப்படிப் பிறந்த பிள்ளையோடு வந்து வேண்டுதல் தீர்க்கக் கூடை நிறைய இறைக்கிறவர்களும் உண்டு. ஏந்தியவர்கள் ஒருநாள் எறிகிறவர்களாக மாடி ஏறுகிறார்கள்!

கதை தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லாமல் முடியாது. கடையிலிருந்த பரமதத்தன் இரண்டு மாம்பழங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறான். பசியோடு ஒரு சிவனடியார் வாசலில் வந்து நிற்கிறார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. கணவன் அனுப்பிய பழத்தில் ஒன்றை எடுத்துச் சோற்றோடு பரிமாறிவிடுகிறாள் புனிதவதி. மதியம் வந்த கணவன் மற்றதை ருசித்துவிட்டு, இன்னொன்றும் கொண்டா என்கிறான். உள்ளே போய் இறைவனை நினைத்துக் கையேந்துகிறாள், கையில் பழம். அதன் ருசி முன்னதைவிட உயர்ந்திருக்க, ஏது என்று கேட்கிறான். உண்மையைச் சொல்கிறாள். நம்பாமல் இன்னொன்று கேட்கிறான். அதுவும் வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைகிறது. பயந்துபோனவன் கப்பலேறிப் போய்விடுகிறான். இதைச் சேக்கிழார் 66 பாட்டில் பாடிவைத்தார். 1973-ல் ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்தார். அதில் அம்மையாராக வந்த கே.பி. சுந்தராம்பாளின் குரல்தான் பலருக்கு இன்றும் அம்மையாரின் குரல்.

கல்யாணம் அம்மையார் மணிமண்டபத்தில். மாலை மாற்றுவது, தாலி கட்டுவது எல்லாம் நம் வீட்டுக் கல்யாணம் மாதிரியே. வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையும் உண்டு. பையை வாங்கிய பெண்கள் அப்படியே நகர்ந்து நின்று மஞ்சள் கயிறு இருக்கிறதா என்று பார்ப்பதைப் பார்க்க வேண்டும்!

மண்டபத்தில் நான் மணிக்கணக்காக நின்ற இடம் மேடைக்குப் பின்பக்கம். விழாவையொட்டி மாலை வேளைகளில் பரதம், பாட்டு, சொற்பொழிவு என்று கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பின்பக்கம் ஒரு குட்டி உலகம். நாற்காலியில் நின்றபடி சலங்கை கட்டிக்கொள்ளும் வாண்டுகள். ஊக்கு எங்கே, ஊக்கு எங்கே என்று தேடும் அம்மாக்கள். டிபன் டப்பாவில் பாதி தின்ற இட்லி. மூலையில் ஒரு சிறுமிக்குப் பேயுரு ஒப்பனை நடக்கிறது. சற்றுமுன்வரை புனிதவதியாகப் பட்டுப்பாவாடையில் ஆடியவள் அவள்தான். இப்போது பூவை அவிழ்த்து, கூந்தலைக் கலைத்து, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை இழுக்கிறார்கள். “டீச்சர், இன்னும் கொஞ்சம் பயமா இருக்கணும்” என்று கெஞ்சுகிறாள் பிள்ளை. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கன்னத்தில் இன்னொரு கோடு போடுகிறார். அழகைக் கழற்றி வைக்க அவ்வளவு ஆர்வம் காட்டும் குழந்தையை வேறு எந்த ஒப்பனை அறையிலும் நான் பார்த்ததில்லை. அவள் மேடையேறித் தலைகீழாகக் கைகளை ஊன்றினாளே, கூட்டம் மூச்சுவிட மறந்தது.

ஏனென்றால் இந்த ஊர்ப்பெண் புனிதவதி சாமானியப்பட்டவள் இல்லை. கணவனே காலில் விழுந்துவிட்ட பிறகு, அவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று பேய்வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டவள். கயிலைக்குத் தலையால் நடந்தவள். தேவார மூவருக்கும் முந்தியே திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களையும், 101 பாட்டில் அற்புதத் திருவந்தாதியையும் பாடியவள். அந்தப் பதிகங்கள் இரண்டுக்கும் பண் உண்டு: ஒன்று நட்டபாடை, மற்றது இந்தளம். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, உட்கார்ந்திருப்பவள் இவள். வாசல் தாண்டிய பெண்களைப் பற்றி இப்போது எவ்வளவோ எழுதுகிறோம். எங்கள் காரைக்கால்காரியை முதல் பக்கத்தில் போடுங்கள் என்பேன்!

பௌர்ணமி விடிகிறது. கைலாசநாதர் கோயிலில் திரைக்குப் பின்னால் பிட்சாடனருக்கு அலங்காரம். பிச்சைக்குப் புறப்படும் சாமிக்கு எத்தனை நகை, எத்தனை மாலை! பூக்கட்டுகிறவர் வாழைநாரை வாயில் கவ்வியபடி மாலையின் நீளத்தைக் கையால் அளக்கிறார். திரை விலகி, பவழக்கால் சப்பரத்தில் சாமி வெளியே வந்ததும் தெருவிலிருந்து எழும் ‘ஓ’வென்ற சத்தம் இருக்கிறதே, உடம்பெல்லாம் சிலிர்த்துவிடும்.

சப்பரம் நகர்கிறது. வீட்டுக்கு வீடு அர்ச்சனைத் தட்டு. சாமி கடந்ததும் மேலிருந்து ஒரு பழம், இரண்டு பழம், பிறகு கணக்கே கிடையாது. மொட்டை மாடி, பால்கனி, கடை மாடி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் மாம்பழம்! கீழே முந்தானை, துண்டு, தலைகீழாகப் பிடித்த குடை என்று கையில் கிடைத்தது எல்லாம் ஏந்துகின்றன. எங்கள் அப்பாயி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பேரன்போல அள்ளி வீசவில்லை. தெருவில் ஒரு முகத்தைத் தேடி, கண் பார்த்து, ‘புடிச்சுக்கம்மா’ என்று சொல்லிப் போடுகிறார். அந்தப் பெண் பிடித்தாள். மாடியில் நாங்கள் எல்லோரும் கத்தினோம்!

சாமி போகும் வீதிப் பெயர்களைக் கேளுங்கள்: பாரதியார் வீதி, கென்னடியார் வீதி, மாதா கோயில் வீதி, லெமேர் வீதி. பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் வந்து, பின்னால் விட்டுப்போன ஊரில் சிவபெருமான் லெமேர் வீதி வழியாகத்தான் அம்மையார் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். இதே ஊர்தான் மஸ்தான் சாஹிப் வலியுல்லாஹ் தர்கா கந்தூரிக்கு ரதம் பார்க்கத் திரளும். தேற்றரவு அன்னை ஆலயத் தேர்ப்பவனிக்கும் திரளும். மாசிமகத்தன்று பக்கத்துத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் வரும்போது, மீனவ மக்கள் அவரை எங்கள் மாப்பிள்ளை என்றே கொண்டாடுவார்கள்.

இதற்குள் சமையல்கட்டில் வேலை மும்முரம். மாலையில் சாமிக்கு அமுது படையல். தயிர்சாதம்தான் நாயகன். வெயில் நாளில் அண்டா அண்டாவாகத் தயிர்சாதம் புளிக்காமல் இருக்க வேண்டுமே! சோற்றைக் குழைய வடித்து, சூடு இருக்கும்போதே மசித்து, பால் ஊற்றிப் பிசைந்து, ஆறிய பிறகுதான் தயிர் சேர்க்கிறார்கள். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், கடுகு தாளித்த எண்ணெய் எல்லாம் கடைசியில். பக்கத்தில் மாம்பழம் மலைபோல். அம்மையார் எதிர்கொண்டு அழைக்க, பிட்சாடனர் அவர் கோயிலுக்குள் வந்து அமுது ஏற்கிறார். அன்று வாசலில் பசியோடு வந்து நின்றவருக்கு இன்று ஊரே பரிமாறுகிறது. தெருக்களிலும் அதே கதைதான்: நீர்மோர், பானகம், புளியோதரை, சுண்டல் என்று யாராவது கையைப் பிடித்து இழுத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். கொரோனாக் காலத்தில் விழாவைக் கோயில் மதிலுக்குள்ளேயே முடிக்க வேண்டியதாகிவிட்டது. அந்த ஏக்கம் இன்னும் தீரவில்லையோ என்னவோ, அதற்குப் பின்னால் பரிமாறுகிற கரண்டி இன்னும் தாராளமாகிவிட்டது.

படையல் முடிந்ததும் பாதிக் கூட்டம் பஸ் நிலையம் போய்விடும். இங்கேதான் எனக்கு வருத்தம். இனிமேல்தானே கதை! ராத்திரி பரமதத்தன் பாண்டிய நாட்டுக்குப் போகிறான். சித்தி விநாயகர் கோயில் அப்போது பாண்டிய நாடாகிவிடுகிறது. முந்தாநாள் எங்கே மாப்பிள்ளை அழைத்தார்களோ அங்கேயே அவனுக்கு இரண்டாம் கல்யாணம். பெற்ற மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தவன் அல்லவா! முதல் மனைவி புஷ்பப் பல்லக்கில் வந்து இறங்க, மனைவி மகளோடு அவளை விழுந்து வணங்குகிறான். அதோடு அம்மையார் பேயுருவம் கொள்கிறார்.

விடிவதற்கு முன் வீதி விளக்குகளை அணைத்துவிடுவார்கள். பகலெல்லாம் மாம்பழம் பறந்த தெரு திடீரென்று இருட்டு. குழந்தைகள் அம்மா புடவையைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த இருட்டில் அம்மையார் கயிலைக்குப் போகிறார். இறைவன் காட்சி கொடுக்கிறான். கற்பூரம் ஏறியதும் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தேன், அழாதவர் குறைவு. பகல் விழாவும் இந்த ராத்திரி விழாவும் ஒன்றையொன்று விட்டால் இரண்டும் அரைதான். என்னைக் கேட்டால், இரண்டில் பெரியது ராத்திரிதான்.

ஆகவே, அடுத்த ஆனிப் பௌர்ணமிக்கு இப்போதே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். ஜூன் பாதிக்கும் ஜூலை பாதிக்கும் நடுவில் வரும். சென்னையிலிருந்து காரைக்காலுக்கே ரயில் இருக்கிறது. கும்பகோணம், மயிலாடுதுறை, நாகையிலிருந்து பஸ் இருக்கிறது. மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலமே வந்துவிடுங்கள். பழம் வாங்கினால் செங்காயாகப் பார்த்து வாங்குங்கள், கெட்டித் துணிப்பை ஒன்று கொண்டுவாருங்கள். மாம்பழம் கிடைத்த சந்தோஷத்தில் மட்டும் பஸ் ஏறிவிடாதீர்கள். விடியற்காலை வரைக்கும் இருங்கள்.